நீரடிமுத்து எண்ணெய்

சூடான எதிலிருந்தும் அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. எங்கள் ஆலையில் காலைத் தேநீர் கண்ணாடி டம்ளரில் வரும். நான் முந்தானையைச் சுற்றிப் பிடிப்பேன். கணக்குப் பிரிவுக்காரர்கள் விளிம்பை இரண்டு விரலால் தொட்டும் தொடாமலும் தூக்கி, கீழே வைத்து, மறுபடி தூக்குவார்கள். அவர் டம்ளரை முழுக் கையால் பற்றிக்கொண்டு, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். குடிக்கும்போது மட்டும் ஊதிக் குடிப்பார். நாக்குக்குத் தெரிந்த சூடு கைக்குத் தெரியவில்லையே என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் பாடியிலிருந்து சைக்கிளில் வருவார். நல்ல வாய். ஒருநாள் பாய்லர்காரர்தான் கேட்டார்.

“இன்னா மேடம், கையி ஆஸ்பெஸ்டாஸ்ல செஞ்சதா?”

“பழக்கம்,” என்றார் அவர். பாய்லர்காரரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆமணக்கு எண்ணெய் காய்ச்சும் ஆலை ஒன்றில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். அவர் அங்கே லேப் இன்சார்ஜ். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். இருவரும் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் எதிரெதிர் பிளாக். என் கணவருக்கும் இவருடைய தம்பிக்கும் அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை. அவர் கன்னியாகுமரிப் பக்கம். தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஒரே மகள், இவர்களோடு இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. யாராவது கேட்டால் “அமையல” என்பார். அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் இன்னொரு கேள்வி கேட்டதில்லை.

பஸ்ஸில் சேர்ந்தே போவோம். நான் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவேன். அவர் கம்பியைக் கையால் பிடிக்க மாட்டார். நெட்டுக் கம்பியை முழங்கையின் மடிப்புக்குள் அணைத்துக்கொண்டு நிற்பார். பிரேக் போட்டால் உடம்பே கம்பியைச் சுற்றி ஒரு அரைவட்டம் போகும். முகத்தில் மாற்றம் இருக்காது.

எதைக் கேட்டாலும் “பாத்துட்டுச் சொல்றேன்” என்பார். தட்டிக்கழிக்கிற பேச்சு இல்லை அது. நிஜமாகவே பார்ப்பார். சந்தையில் கத்தரிக்காயை அமுக்க மாட்டார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று தம்பி மனைவி உள்ளேயிருந்து “மதினி, காஞ்சிருச்சா பாருங்க” என்று குரல் கொடுத்தால், தொடாமல் நிறத்தைப் பார்த்து, மடிப்பில் ஈரம் கருத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்வார். சரியாகத்தான் இருக்கும்.

என் மகளுக்கு ஒருமுறை உடம்பு கொதித்தது. என் கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். பயத்தில் எதிர் பிளாக்குக்கு ஓடி, “கொஞ்சம் வந்து தொட்டுப் பாருங்கக்கா” என்று கூப்பிட்டேன். வந்தார். கட்டில் ஓரத்தில் நின்று குழந்தையைப் பார்த்தார். நெற்றியில் கை வைப்பார் என்று காத்திருந்தேன். திரும்பிப் போய் ஒரு தெர்மாமீட்டர் எடுத்து வந்தார்.

“தொட்டுப் பாக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்ல,” என்றார்.

மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்து வந்தது அவர்தான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் அவர்தான். ஆனாலும் அந்தத் தெர்மாமீட்டர் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு குழந்தையின் நெற்றியைத் தொடக்கூட மனசு வராத பெண் என்று நினைத்தேன்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் முகம் கழுவுகிறாரோ இல்லையோ, பிளாக் படியில் உட்கார்ந்து ஒரு பேசினில் தண்ணீர் வைத்துக் கால்களை ஊறவைப்பார். பிறகு பாதத்தைத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, ஒரு சின்னக் கண்ணாடியை அடியில் பிடித்துப் பார்ப்பார். கடைசியில் விளக்கெண்ணெய் தடவுவார். குடியிருப்புப் பெண்கள் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள். “அம்மா கால் அழகு பாக்குறாங்க” என்பார்கள். செருப்புப் போடுமுன் உதறிவிட்டு உள்ளே கண்ணால் பார்க்கிற பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கும் காதில் விழுந்திருக்கும். படியை மாற்றிக்கொள்ளவில்லை.

லேப் அறிக்கைகளை டைப் செய்வது என் வேலை. அந்த அமிலங்களின் பெயர்கள் எனக்கு வாயிலும் நுழையாது, விரலிலும் நுழையாது. ரிசினோலிக் என்பதை நான் ஏதேதோ அடித்துக் கொண்டுபோவேன். கோபிக்க மாட்டார். சிவப்புப் பேனாவால் சுழித்துத் தருவார். ஒருமுறை நான் சலித்துக்கொண்டேன்.

“எண்ணெய்னா எண்ணெய்தானேக்கா. இதுக்கு எதுக்கு இத்தனை பேரு?”

“நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்கா எண்ணெய் எல்லாத்துலயும் அதே அஞ்சாறு அமிலம்தான். கூடக் குறைய இருக்கும். சில செடி மட்டும் தன் விதைக்குள்ள தனக்குன்னு ஒண்ணு செஞ்சு வச்சுக்கும். இந்த ரிசினோலிக் ஆமணக்குக்கு. கடுகுக்கு ஒண்ணு. இலவங்கொட்டைக்கு ஒண்ணு. நீ ரசத்துக்குப் போடுற கொத்தமல்லி விதைக்குக்கூட ஒண்ணு இருக்கு.”

“எதுக்கு அப்படி?”

“தெரியல. அதுக்கு ஏதோ தேவை இருந்திருக்கும்.”

வேண்டியதைவிடக் கூடுதலாக அவர் பேசியது அந்த மாதிரி விஷயங்களில்தான். பருத்திக்கொட்டை எண்ணெயை நல்லெண்ணெயில் கலந்து ஒருவர் கொண்டுவந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சோதனைக் குழாயில் எண்ணெயோடு கந்தகக் கரைசல் ஒன்றைச் சேர்த்து, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் நிறுத்தி வைத்திருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ரோஜா நிறமாகி, பிறகு சிவந்தது. பருத்திக்கொட்டைக்குள் இருக்கிற ஒரு அமிலம்தான் அப்படிச் சிவக்குமாம்.

“இனிமே அவர் என்ன சொன்னாலும் சரி, நிறம் வந்தாச்சு,” என்றார். அன்று அவர் முகத்தில் லேசான ஒரு திருப்தியைப் பார்த்தேன்.

கை வெந்த நாள் ஒரு வெயில் காலம். லேபில் மேனேஜர் நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். அவர் மேனேஜருக்குப் பதில் சொல்லிக்கொண்டே மின்னடுப்பின் மேல் இருந்த கண்ணாடிக் குடுவையை எடுத்தார். இடுக்கி மேஜையில் பக்கத்திலேயே கிடந்தது. பேச்சு மும்முரத்தில் கண் அங்கே போகவில்லை. இடது கையால் குடுவையின் கழுத்தை அல்ல, வயிற்றைப் பிடித்திருந்தார். பேச்சு நிற்கவில்லை. முடி கருகுவது போல ஒரு வாசனை வந்தது. மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார், வெளியே ஏதோ எரிகிறது என்று நினைத்தவர் போல. எனக்குத்தான் முதலில் தெரிந்தது.

“அக்கா, கை.”

அவர் குனிந்து பார்த்தார். பிறகு குடுவையை அதற்கான வளையத்தின் மேல் சரியாக வைத்தார். போட்டு உடைத்திருக்கலாம், செய்யவில்லை. மேனேஜரிடம் மிச்சமிருந்த வாக்கியத்தையும் சொல்லி முடித்தார். மேனேஜர் போன பிறகு என்னோடு குழாயடிக்கு வந்தார். உள்ளங்கையில் தோல் வெள்ளையாக எழும்பியிருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் கொஞ்சம் உள்ளே மடங்கியே இருக்கும் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

“வலிக்கலையாக்கா?”

“இல்ல. அதான் கஷ்டம்.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“சின்ன வயசுல ஒரு நோய் வந்துது,” என்றார். “ஆஸ்பத்திரியிலயே பல வருஷம் இருந்தேன். ஆறிடுச்சு. நரம்பு மட்டும் திரும்பி வரல. ரெண்டு கை, ரெண்டு பாதம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு தம்பிக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். நீ பாத்துட்ட. அதனால சொல்றேன்.”

நோயின் பெயரை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. தெர்மாமீட்டர், பேசின், கண்ணாடி, கத்தரிக்காய் எல்லாம் எனக்குள் இடம் மாறி உட்கார்ந்தன. வீட்டுக்குப் போய் என் மகளின் நெற்றியைக் காரணமில்லாமல் தொட்டுப் பார்த்தேன்.

அதன் பிறகும் அவர் அதே அளவுதான் பேசினார். ஒரே ஒருமுறை, ஜன்னல் இல்லாத எடை அறையில் நாங்கள் இருவரும் இருந்தபோது பட்டப்பகலில் மின்சாரம் போயிற்று. கும்மிருட்டு. நான் தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்துத் திறந்தேன். அவர் ஸ்டூலில் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“வாங்கக்கா.”

“இரு. வெளிச்சம் வந்தாதான் எனக்குக் கை இருக்கு,” என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த டின்கள் வந்தது அடுத்த வருஷம். அப்போது தம்பி மகளுக்குக் கல்யாணம் கூடிவந்திருந்தது. பூந்தமல்லியில் நல்ல கிறிஸ்தவக் குடும்பம், ஒரே சபை. கோயிலில் கல்யாண அறிவிப்பு வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. எதிர் வீட்டில் தினமும் சொந்தக்காரர்கள் வந்துபோனார்கள். அந்தப் பெண் வாசலில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அத்தை மேல் உயிர். அத்தைக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பதும் புடவைக்கு ஊக்கு மாட்டிவிடுவதும் அவள்தான்.

ஒரு வியாபாரி லாரி நிறைய டின்களோடு ஆலைக்கு வந்திருந்தார். இலுப்பை எண்ணெய் என்றார். எங்கள் ஆலையில் வெளியார் எண்ணெயையும் சுத்திகரித்துக் கொடுப்பதுண்டு. வாசனை நீக்கி, நிறம் போக்கி, லேப் அறிக்கையோடு கொடுத்தால் பேக்கரிகளுக்கு நெய்க்குப் பதிலாகப் போகும் என்று சொன்னார். மஞ்சளாக, பாதி உறைந்து, பார்க்க இலுப்பை மாதிரியேதான் இருந்தது.

அவர் மாதிரி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் முழுவதும் லேப் கதவு சாத்தியிருந்தது. நீளமான ஒரு குழல் கருவி இருந்தது அங்கே. எண்ணெயை அதில் நிரப்பி, ஒரு பக்கம் மஞ்சள் விளக்கை எரியவிட்டு, மறுபக்கம் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலான எண்ணெய் வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடும். அபூர்வமாகச் சில எண்ணெய்தான் அதை ஒரு பக்கமாகத் திருப்பும். நான் உள்ளே போனபோது அவர் அந்தக் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. துடைத்தார், நிரப்பினார், பார்த்தார். திரும்பவும் துடைத்தார்.

“என்னக்கா?”

“பாத்துட்டுச் சொல்றேன்.”

முதலாளி அறைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். குறிப்பெடுக்க நானும் போனேன். முதலாளி, வியாபாரி, அவர், நான். மேஜை மேல் அந்த எண்ணெய் ஒரு சின்னச் சீசாவில் இருந்தது.

“இது முழுசா இலுப்பை இல்ல,” என்றார் அவர். “வெளிச்சத்தைத் திருப்புது.”

முதலாளி கெட்டவர் இல்லை. விஷயம் தெரிந்தவர். “ஆமணக்குகூடக் கொஞ்சம் திருப்புமே. நம்ம டேங்க்ல ஒட்டினதா இருக்கும்.”

“ஆமணக்குன்னா ஸ்பிரிட்ல கரைஞ்சிருக்கும். இது கரையல.”

“அப்ப என்ன?”

“நீரடிமுத்து. எங்க ஊர்ப் பக்கம் மரோட்டின்னு சொல்வாங்க. காட்டுல விழற கொட்டை. அதுல இருக்கிற அமிலம் சமையல் எண்ணெய் எதுலயும் கிடையாது. அதுதான் திருப்புது.”

வியாபாரி கோபப்படவில்லை. சிரித்த முகமாகவே இருந்தார். “அம்மா சொல்றது சரின்னே வச்சுக்குவோம். பொறுக்குறவங்க எந்தக் கொட்டைன்னு பாத்தா பொறுக்குறாங்க? கொஞ்சம் கலந்திருக்கும். நீரடிமுத்து என்ன விஷமா? வைத்தியருங்க மருந்தாக் குடுக்குறதுதானே. நீங்க சுத்தம் பண்ணினா அந்த வாசனையும் போயிடும்.”

“உள்ளுக்குச் சாப்பிட்டா வயித்தைப் புரட்டும். குழந்தைங்களுக்கு ரொம்ப மோசம்.”

“எங்க போட்டிருக்கு?” என்று கேட்டார் முதலாளி.

“புஸ்தகத்துல இருக்கு.”

“புஸ்தகத்துல ஆயிரம் இருக்கும்மா,” என்றார் வியாபாரி. “யாரு சாப்பிட்டுப் பாத்தாங்க?”

அவர் சீசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாத்துட்டுச் சொல்றேன்” என்று எழுந்து போயிருக்கலாம். “எனக்குத் தெரிஞ்சவங்க” என்று சொல்லியிருக்கலாம்.

“நான் சாப்பிட்டிருக்கேன்,” என்றார்.

“நீங்களா? எதுக்கு?” என்றார் முதலாளி.

“குஷ்டத்துக்கு.”

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என் பென்சில் பழக்கத்தில் அந்தச் சொல்லையும் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டது. அறிக்கை வாசிக்கிற அதே குரலில் அவர் தொடர்ந்தார்.

“பன்னிரண்டு வயசுல. ஊர்ல அப்ப மாத்திரை சரியா வரல. இந்த எண்ணெயைத்தான் தோலுக்கு அடியில ஊசி போடுவாங்க. கெட்டியா இருக்கும், இறங்காது. ஒவ்வொரு இடமும் கட்டி கட்டியா நிக்கும். கொஞ்ச நாள் வாய்வழியாவும் குடுத்துப் பாத்தாங்க. சோறு வயித்துல தங்காது. பக்கத்துக் கட்டில்ல ஒரு சின்னப் பொண்ணு, வாந்தி எடுத்து எடுத்து எழுந்திரிக்கவே முடியாமப் போயிட்டா. அதுக்கப்புறம் வாய்க்குக் குடுக்கறதை நிறுத்திட்டாங்க. இது பேக்கரிக்குப் போகக்கூடாது.”

முதலாளியின் கை சீசாவுக்குப் பக்கத்தில் இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அப்படி எடுத்ததற்கு வெட்கப்பட்டவர் போலத் திரும்ப மேஜை மேல் வைத்தார். வியாபாரி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

“டின்னெல்லாம் எடுத்துட்டுப் போயிடுங்க,” என்றார் முதலாளி.

சாயங்காலத்துக்குள் லாரி போய்விட்டது. பஸ்ஸுக்கு நடக்கும்போது அவர் கேட்டார்.

“லாரி எந்தப் பக்கம் போச்சு?”

“பூந்தமல்லிப் பக்கம்னு வாட்ச்மேன் சொன்னாரு.”

“பெங்களூர் ரோடா?”

“தெரியலக்கா.”

அடுத்த சில நாட்கள் அதையே வேறு வேறு விதமாகக் கேட்டார். சென்னீர்குப்பத்தில் எண்ணெய் சுத்திகரிக்கிற இடம் ஏதும் இருக்கிறதா, வியாபாரி விலாசம் கொடுத்தாரா, டிரைவர் எந்த ஊர். முதலாளியிடமும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அந்த எண்ணெய் எங்கே போயிற்று, யார் சாப்பிட்டார்கள், ஒன்றும் கடைசிவரை தெரியாது. தனக்கு நடந்ததைப் பற்றி அவர் அந்த அளவுக்கு விசாரிக்கவில்லை.

நடந்தது இதுதான். முதலாளி ஒரு டாக்டரை வரவழைத்தார். பழைய நோய், எப்போதோ குணமாகிவிட்டது, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னார். முதலாளி அதைத் தொழிலாளர்கள் முன்னால் தானே சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் கேன்டீனில் ஒரு டம்ளரின் அடியில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு இருந்தது. அது அவருக்கு. அவர் பார்த்தார். எடுத்தார். குடித்தார்.

பாய்லர்காரர் அன்றே அந்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கேன்டீன்காரரிடம் போனார்.

“இன்னா நைனா இது கோடு? அல்லா கிளாஸும் ஒரே கொயாத் தண்ணிலதான கயுவிக்கினு கீற? இதுல இதுக்கு மட்டும் தனி மார்க்கா?” அதிலேயே டீ ஊற்றச் சொல்லி வாங்கிக் குடித்தார்.

அதற்கு அடுத்த நாள் இரண்டு டம்ளர்களில் கோடு இருந்தது. இரண்டாவது பாய்லர்காரருக்கு. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தியா மேடம், நமக்கும் பிரமோஷன் குட்துட்டானுங்க.” அன்றிலிருந்து அவர்கள் இருவரும் பாய்லர் பக்கம் நின்று டீ குடித்தார்கள். நான் சில நாள் அவர்களோடு நின்றேன், சில நாள் கணக்குப் பிரிவோடு நின்றேன்.

பூந்தமல்லியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்தார். எங்கள் ஆலையில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் மகன் இருந்தான். பையன் மேலே படிக்க ஆசைப்படுகிறான் என்றார். அந்தப் பெண் கொண்டுவந்து வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. அவர் போன பிறகு எதிர் பிளாக்கிலிருந்து தம்பியின் குரல் எங்கள் கூடம் வரைக்கும் கேட்டது. சத்தம் போடுகிற மனிதர் இல்லை அவர்.

“ஒரு வார்த்தைதானேக்கா. தெரியலன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல முடியலையா உன்னால?”

“தெரிஞ்சுதே,” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்பினார். அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை பார்த்திருந்தார். பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். தம்பி மனைவி வாசல்வரை வந்து அழுதாள். தம்பி வரவில்லை. இவர் வாசலைத் திரும்பிப் பார்க்கவுமில்லை, கண் கலங்கவுமில்லை. அந்தப் பெண் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்குக் கஷ்டமா இல்லையாக்கா?” என்று பஸ்ஸில் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

கொஞ்ச நேரம் யோசித்தார். கேள்வியை மதித்து யோசித்தது போலத்தான் இருந்தது.

“இருக்கணும்,” என்றார்.

பிறகு பல வருஷங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அவர் அதே லேபில் வேலை செய்தார். நான் டைப் செய்தேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. அந்தப் பெண்ணுக்கு மூன்று வருஷம் கழித்து வேறு இடத்தில், திருச்சிப் பக்கம், கல்யாணம் ஆயிற்று. அத்தைக்குப் பத்திரிகை வரவில்லை. நான் போய்வந்து, புடவை என்ன நிறம், யார் யார் வந்திருந்தார்கள் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். “மாப்பிள்ளை அவகிட்ட எப்படிப் பேசறார்?” என்று மட்டும் கேட்டார். நன்றாகப் பேசுகிறார் என்றேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், தம்பி இறந்துபோனார். வேலைக்குக் கிளம்பி சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு. குடியிருப்பு முழுக்கச் சொல்லி அனுப்பினார்கள். அயனம்பாக்கத்துக்கு யாரும் போனதாகத் தெரியவில்லை. நான் ஆட்டோவில் போனேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“அக்கா, உங்க தம்பி…” என்றேன்.

அவர் அரிசியைக் களைந்து முடித்து, தண்ணீரை வடித்து, மூடி வைத்தார். பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டு, “எப்போ?” என்று கேட்டார்.

ஆவடியில் கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். போதகர் ஜெபம் செய்துகொண்டிருந்தார். நாங்கள் இருவரும் போய் நின்றதும் எங்கள் பக்கத்தில் மெதுவாக இடம் உண்டாயிற்று. யாரும் வேண்டுமென்று நகர்ந்தது போலத் தெரியவில்லை. ஒருவர் குடையைச் சரிசெய்தார், ஒருவர் குழந்தையை இடுப்பு மாற்றினார். நடுவில் ஒரு வட்டம் காலியாக இருந்தது. அந்த வட்டத்துக்குள் தம்பி மகள் வந்தாள். இடுப்பில் ஒரு பையன். அத்தைக்கு இடது பக்கம் வந்து நின்று, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், மடங்கிய விரல்களோடு சேர்த்து.

அவருக்கு அது தெரியவில்லை. பெட்டியைக் குழிக்குள் இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் நின்று ரவிக்கையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. முகம் மட்டும் எப்போதும் போல இருந்தது. எல்லோரும் மண் போட ஆரம்பித்த பிறகு அவரும் போடக் குனிந்தார். கை வரவில்லை. அப்போதுதான் கீழே பார்த்தார். பார்த்துவிட்டு, மற்றக் கையால் மண்ணை அள்ளிப் போட்டார். இடது கை அப்படியே அவளிடம் இருந்தது.

அவரை அயனம்பாக்கத்தில் கொண்டுவிடப் போகும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பஸ் அம்பத்தூரைத் தாண்டியது.

“நீ என்னைப் பாத்துக்கிட்டுதானே இருந்த?” என்றார் திடீரென்று.

“ஆமாக்கா.”

“கொஞ்ச வருஷமா முகத்துலயும் சரியாத் தெரியறதில்ல.” ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டார். “நான் அழுதேனா?”

“அழுதீங்கக்கா. ரொம்ப நேரம்.”

“அவ பாத்தாளா?”

“பாத்தா.”

அவர் தலையை ஆட்டினார். டிக்கெட்டை என்னிடம் கொடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.